நூற்றாண்டு மலர்: பள்ளி தொடங்கிய வருஷம் மூன்று விதமாக இருக்கிறது, எதைப் போடுவது?

காக்ஸ்டவுன் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதியில் உள்ள ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் நூற்றாண்டு மலர் வேலை நடக்கிறது. பள்ளி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயத்துக்குக் கீழே இல்லை, கத்தோலிக்கச் சபையும் நடத்தவில்லை. பதிவு பெற்ற சொசைட்டி ஒன்று நடத்துகிறது, அரசு உதவி கிடையாது. பள்ளியின் வரலாறும் அதன் இயல்பும் என்று நாற்பது பக்கம் தமிழில் வருகிறது.

சிக்கல் இதுதான். முகப்புக் கல்லில் ஒரு வருஷம் இருக்கிறது. பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரின் முதல் பதிவு அதற்கு ஐந்து வருஷம் முந்தியது. சொசைட்டி பதிவுச் சான்றிதழோ கல்லுக்கு எட்டு வருஷம் பிந்தியது. கமிட்டியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது? தாள்கள் வேறு எங்கெல்லாம் கிடைக்கும்? ‘தனித்து இயங்கும் கிறிஸ்தவப் பள்ளி’ என்று எழுதினால் அது சரியான சொல்லா?

பழைய ஏடு:

மூன்றுமே சரியாக இருக்கலாம் சார். வகுப்பு நடக்கத் தொடங்கியது ஒன்று, கட்டடம் எழுந்தது ஒன்று, சொசைட்டி சட்டப்படி உருவானது ஒன்று. மூன்றையும் ‘பள்ளி தொடங்கியது’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் சண்டை வருகிறது. மலரில் மூன்று வரியாகப் பிரித்து எழுதுங்கள். விழா எந்த வருஷத்துக்கு என்பதைக் கமிட்டி முடிவு செய்யட்டும், அதற்காக வரலாற்றை வளைக்க வேண்டாம்.

நம்ம ஊரிலேயே பிஷப் காட்டன் பள்ளியைப் பாருங்கள். தொடங்கிய வருஷம் 1865. தொடங்கியவர் குருவானவர் சாமுவேல் தாமஸ் பெட்டிக்ரூ. ஹை கிரவுண்ட்ஸ் பக்கம் ஒரு பங்களாவில் நடந்த பள்ளி 1871இல்தான் இப்போதிருக்கும் ரெசிடென்சி ரோடு இடத்துக்கு வந்தது. பெயருக்குரியவர் கல்கத்தா பிஷப் ஜார்ஜ் காட்டன். அவர் 1866 அக்டோபர் 6 அன்று ஆற்றில் தவறி விழுந்து இறந்துபோனார். பெயரைப் பார்த்துவிட்டு ‘பிஷப் காட்டன் நிறுவிய பெங்களூர் பள்ளி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நிறுவியவர் வேறு, பெயருக்குரியவர் வேறு. பால்ட்வின் பள்ளியும் அப்படித்தான். 1880இல் தொடங்கியது அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன். ஜான் பால்ட்வின் என்பவர் ஒஹையோவில் இருந்துகொண்டு பணம் கொடுத்தவர்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கேள்வி போட்டுக்கொள்ளுங்கள்: யோசனை யாருடையது, பணம் யாருடையது, நிலம் யார் பெயரில் வாங்கியது, முதல் நாள் வகுப்பு எடுத்தது யார். நான்குக்கும் ஒரே ஆள் பதிலாக வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் பழைய மலர் ஒன்றில் யாரோ சுருக்கி எழுதியதைத்தான் அடுத்தடுத்த மலர்கள் நகலெடுத்திருக்கும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 8 அன்று 4க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு நிறுவனத்தைச் சிறுபான்மையினர் ‘நிறுவினார்களா’ என்று பார்க்க, யோசனை எங்கே பிறந்தது, நோக்கம் என்ன, பணமும் நிலமும் எப்படி வந்தன என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருவது அரசியல் சட்டம் 30(1). அந்தச் சட்டம் வருவதற்கு முன் தோன்றிய நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்றும் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, உங்கள் மலரை நாளைக்கு யாராவது சான்றாக எடுத்து நீட்டலாம். ‘ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள்’ என்று மழுப்பலாக ஒரு வரி எழுதினால் அது பள்ளிக்கே எதிராகத் திரும்பும். ‘இந்தச் சபையார் இந்தக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள், மினிட் புத்தகம் இத்தனாம் பக்கம்’ என்று எழுதுங்கள்.

‘தனித்து இயங்கும்’ என்ற சொல்லில் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. பேராயம், மடம், மிஷன் எதற்கும் கட்டுப்படாதது ஒன்று. அரசிடம் சம்பள மானியம் வாங்காதது இன்னொன்று. பேராயத்துக்குக் கீழே இருந்தும் மானியம் வாங்காத பள்ளிகள் உண்டு, தனிச் சொசைட்டியாக இருந்தும் மானியம் வாங்கிய பள்ளிகளும் உண்டு. உங்கள் பள்ளி எந்தப் பொருளில், எந்த வருஷம் முதல் என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் தம்பி:

பழைய ஏடு ஐயா சொன்னதோடு சபைப் பெயர் பற்றி ஒன்று. மலர்களில் அதிகம் தப்பாகிற இடம் ‘மெதடிஸ்ட்’. வெஸ்லியன் மெதடிஸ்ட் என்பது பிரிட்டிஷ் மிஷன். அது 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் ஐக்கியமானது. அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் மிஷன் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. 1981இல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்று தன்னாட்சி பெற்றது. பால்ட்வின் பள்ளிகள் சி.எஸ்.ஐ.யில் இல்லாததன் காரணம் இதுவே. உங்கள் தாள்களில் வெறுமனே ‘மெதடிஸ்ட்’ என்று வந்தால் எந்த மெதடிஸ்ட் என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

பிரதரன் சபையார் விஷயம் வேறு. 1914இல் ரெட்வுட் சகோதரர்கள் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி அந்த வழியில் வந்தது. பிரதரன் சபைகளில் பிஷப் கிடையாது, மேலே ஒரு தலைமை அலுவலகமும் கிடையாது. அதனால் பேராயத்துக்கு வருஷா வருஷம் போகும் அறிக்கை என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. மிஷனரிகள் எழுதிய கடிதங்களையும் ஊழியப் பத்திரிகைகளையும்தான் புரட்ட வேண்டும்.

இன்னொன்று, நடத்துகிற கை மாறியிருக்கலாம். செயின்ட் ஜோசப் பள்ளி 1858இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருக்களால் தொடங்கப்பட்டு 1937இல் இயேசு சபையிடம் வந்தது. ‘இயேசு சபையார் 1858இல் தொடங்கினர்’ என்று எழுதினால் ஒரே வரியில் எண்பது வருஷ உழைப்பு வேறொருவர் கணக்கில் போய்விடும்.

அல்சூர் ஆவணம்:

தாள்கள் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில் ஆட்சி எல்லை. கண்டோன்மென்ட் பகுதி 1881 முதல் 1947 வரை சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன். மைசூர் மகாராஜா அரசின் கீழ் அல்ல, பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி கீழ் இருந்தது. மைசூர் கல்வித் துறைக் கோப்புகளில் தேடிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ரெசிடென்சிக் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்தக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து கொண்டு தேடலாம். பள்ளியின் இன்றைய பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். அந்தக் காலப் பெயர், சாலையின் பழைய பெயர், மிஷனரியின் குடும்பப் பெயர் மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள்.

அடுத்தது சென்னை. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் மாகாணக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகள் கிடைக்கும். அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற டைரக்டரி வருஷந்தோறும் வந்தது, தென்னிந்தியா முழுவதற்கும். ராணுவ அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதியின் அச்சகம் என்பதால் அந்தப் பெயர். பள்ளி, பிரின்சிபால் பெயர் ஒரு வருஷப் பதிப்பில் இல்லாமல் அடுத்த வருஷத்தில் இருந்தால் உங்கள் தேடல் பத்து வருஷத்திலிருந்து ஒரு வருஷமாகச் சுருங்கிவிடும்.

ஊருக்குள்ளேயே மில்லர்ஸ் ரோடு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகத்தை முதலில் பாருங்கள். போவதற்கு முன் கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் என்றால் மிஷனைப் பொறுத்தது. லண்டன் மிஷன், வெஸ்லியன் மிஷன் தாள்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) தாள்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், பிரதரன் தாள்கள் மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில், அமெரிக்க மெதடிஸ்ட் தாள்கள் நியூ ஜெர்சி ட்ரூ பல்கலைக்கழக வளாகத்தில். தொடக்க கால ஆட்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவு வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் என்/2 வரிசை, அதாவது மெட்ராஸ் வரிசை. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருமார்கள் மெட்ராஸ் பேராயத்துக்குக் கீழே இருந்ததால் பெங்களூர்ப் பதிவும் அங்கேதான்.

நிலத்துக்கு சப் ரெஜிஸ்ட்ரார் அலுவலகம். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி ஆன்லைன் தளத்தில் வில்லங்கச் சான்று 2004 ஏப்ரல் முதல்தான் வரும், அதற்கு முந்தியதற்கு நேரில் மனுப் போட வேண்டும். ‘தானமாக வந்த நிலம்’ என்று பழைய மலரில் இருந்தால் பத்திரத்தைப் பார்க்காமல் திரும்ப அச்சடிக்க வேண்டாம். கிரயம், குத்தகை, நிலம் அரசுக்கும் கட்டடம் மட்டும் நமக்கும் என்ற பழைய கண்டோன்மென்ட் கிராண்ட், எல்லாமே பேச்சுவழக்கில் ‘தானம்’ ஆகிவிடும்.

காக்ஸ்டவுன் வாசகர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று வரியாகப் பிரிப்பது என்று கமிட்டியில் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ரிஜிஸ்டரில் 1950க்குப் பிறகு பெயர்கள் வேகமாக மாறுகின்றன. ஆங்கிலோ இந்தியப் பெயர்கள் குறைந்து தமிழ், தெலுங்கு, கன்னடப் பெயர்கள் பெருகுகின்றன. குடிபெயர்ந்து போனார்கள் என்று மட்டும் எழுதினால் போதுமா? இரண்டு, வரைவில் ‘பைபிள் வகுப்பு எல்லா மாணவருக்கும் கட்டாயம், அதுவே நம் பள்ளியின் அடையாளம்’ என்று ஒரு வரி இருக்கிறது. விடலாமா?

பழைய ஏடு:

இரண்டாவது வரியை அப்படியே விடாதீர்கள். அரசியல் சட்டம் 28(3) மானியம் வாங்குகிற பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும். மாணவர் சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல் சமய போதனையில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது. பள்ளி உண்மையில் என்ன செய்தது என்று பழைய டைம்டேபிளை எடுத்துப் பாருங்கள். ஒரே பீரியடில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடமும் மற்றவர்களுக்கு மாரல் சயன்ஸும் என்று இருந்தால் அதையே எழுதுங்கள். ‘கட்டாயம்’ என்பதைவிட அது பள்ளியின் இயல்பை நன்றாகக் காட்டும். கல்வி உரிமைச் சட்டம் பற்றி வரைவில் ஏதாவது இருந்தால் அதையும் கவனியுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னதை 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு கேள்விக்குள்ளாக்கிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. மலரில் அடித்துச் சொல்ல வேண்டாம்.

முதல் கேள்விக்குக் குடிபெயர்வு பாதி பதில். மீதி அரசியல் சட்டத்தின் 337ஆம் பிரிவில் இருக்கிறது. ஆங்கிலோ இந்தியக் கல்வி மானியம் முதல் மூன்று நிதியாண்டுக்கு 1947–48 அளவிலேயே வரும், அதன்பின் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் வரை குறையலாம், பத்து வருஷத்தில் நின்றுவிடும். வாங்க வேண்டுமென்றால் வருஷ அட்மிஷனில் குறைந்தது 40 சதவீத இடம் மற்றச் சமூகத்தாருக்குத் திறந்திருக்க வேண்டும். உங்கள் பள்ளி அந்த மானியம் வாங்கியதா என்று கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். வாங்கியிருந்தால் ரிஜிஸ்டரையும் ஃபீஸ் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1950 முதல் 1962 வரை வருஷவாரியாக எண்ணுங்கள். மானியம் குறைவதும் ஃபீஸ் ஏறுவதும் சேர்ந்து போகிறதா என்பது தெரிந்துவிடும்.

இதே காலத்து வழக்கு ஒன்று மலரில் ஒரு பெட்டிச் செய்தியாகவே வரலாம். 1954 ஜனவரி 6 அன்று பம்பாய் அரசு, ஆங்கில வழிப் பள்ளிகள் ஆங்கிலோ இந்தியரையும் ஆசிய வம்சாவளி அல்லாதவரையும் தவிர வேறு பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. தேவ்லாலி பார்ன்ஸ் பள்ளியை நடத்தும் பம்பாய் எஜுகேஷன் சொசைட்டி வழக்குப் போட்டது. அதே வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் பள்ளி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசாணைக்கு எதிராக நின்று ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கும்’ என்று ஒரு கிறிஸ்தவச் சொசைட்டி வாதாடி வென்றது, எனக்கு இந்தப் பள்ளிகளின் வரலாற்றிலேயே மிகவும் மதிப்புள்ள பக்கம் அதுதான். கேம்பிரிட்ஜ் தேர்வின் இடத்தில் நம் நாட்டுத் தேர்வு வரவேண்டும் என்று 1958இல் ஐ.சி.எஸ்.இ. தேர்வு நடத்தும் கவுன்சில் அமைந்ததும் இந்தப் பத்து வருஷத்துக்குள்ளேயே. உங்கள் பள்ளி எந்த வருஷம் கேம்பிரிட்ஜை விட்டது என்பதையும் குறியுங்கள்.

அல்சூர் ஆவணம்:

ரிஜிஸ்டரை எண்ணப் போகிறீர்கள் என்றால் அதைக் கையாளுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் எண்ணாதீர்கள். பெயரை வைத்து ஆங்கிலோ இந்தியரா தமிழ்க் கிறிஸ்தவரா என்று பிரித்தால் பாதி தப்பாகும், மர்பி டவுன் தமிழ்க் குடும்பத்திலும் ஜோசப் உண்டு, ஜான்சன் உண்டு. சமயம் என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘ஆர்.சி.’ கத்தோலிக்கர், ‘சி.ஈ.’ ஆங்கிலிக்கன், ‘வெஸ்.’ வெஸ்லியன். பக்கத்தில் தகப்பனார் தொழில், முன்பு படித்த பள்ளி என்ற கட்டங்கள் இருந்தால் அவைதான் தங்கம். ரயில்வே, தபால் தந்தி, கோலார் தங்கவயல் என்று வரும் இடங்களை வருஷவாரியாகக் கூட்டினாலே பள்ளி யாருக்காக நடந்தது என்பது வெளிச்சமாகும்.

பழைய கறுப்பு மை பெரும்பாலும் இரும்பு கலந்தது. அமிலம் என்பதால் எழுத்தின் கோட்டிலேயே தாள் அறுந்து போயிருக்கும். அப்படி அறுந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து மெதுவாகக் கழற்றுங்கள். ஸ்கேன் எடுக்க ஃபீடர் உள்ள மெஷினில் விடாதீர்கள். புத்தகத்தை முழுக்க விரிக்காமல் இருபுறமும் மடித்த துணி வைத்துத் தாங்கி, மேலிருந்து கேமராவில் எடுங்கள். 300 டிபிஐக்குக் குறைய வேண்டாம், எழுத்து மங்கியிருந்தால் 400. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்.

வெற்றுப் பக்கங்களையும் அட்டையின் உள்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பைண்டர் கடைச் சீட்டும் ‘தொடர்ச்சி இரண்டாம் புத்தகம்’ என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கும். உங்கள் முதல் பதிவுக்கு வரிசை எண் ஒன்று என்று இருக்கிறதா, வேறு எண்ணிலிருந்து தொடங்குகிறதா? வேறு எண் என்றால் இதற்கு முந்திய புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது, உங்கள் மூன்று வருஷத்தோடு நான்காவது ஒன்றும் சேரும்.