ஹெபடைட்டிஸ் பி ஆப்பிரிக்காவிலிருந்தே மனிதனோடு வந்ததா? அப்படியானால் கணக்கு ஏன் இடிக்கிறது?

மதிமாறன்_88:
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி மாணவன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸில் (எச்பிவி, HBV) ஏ முதல் ஐ வரை ஒன்பது ஜீனோடைப், அதாவது மரபணு வகை, ஜப்பானியர் ஒருவரிடம் மட்டும் கிடைத்த ஜே-யைச் சேர்த்தால் பத்து. முழு ஜீனோமும் (வைரஸின் மொத்த மரபுத் தொகுதி) 8 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி வகை. சரி, இதுவரை புரிகிறது. ஆனால் மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போதே இதையும் சுமந்து வந்தார்கள் என்றால், அங்கேதானே வைரஸின் வேறுபாடு அதிகமாக இருக்க வேண்டும்? மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிற ஈ வகை கிட்டத்தட்ட ஒரே அச்சு. அமெரிக்கப் பழங்குடிகளிடம் உள்ள எஃப், ஹெச் இரண்டும்தான் மற்றவற்றிலிருந்து ரொம்ப விலகி நிற்கின்றன. இது தலைகீழாக இல்லையா?

கொற்கைவாசி:
இன்று உயிரோடு இருக்கும் வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு வம்சாவளி போட்டால் இப்படித்தான் இடிக்கும். நாள்பட்ட தொற்று உள்ளவரின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும் என்பதால், செத்த பிறகு பல்லுக்குள்ளும் அதன் டிஎன்ஏ தங்கிவிடுகிறது. அப்படிப் பழைய பல், எலும்புகளிலிருந்து எடுத்த 137 ஜீனோம்களை 2021-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். 10,500 ஆண்டு பழையதிலிருந்து 400 ஆண்டு பழையது வரை, ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா எல்லாம் உண்டு. நமக்குத் தெரிந்த எல்லா வகைக்கும் பொது மூதாதை 20,000-க்கும் 12,000-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன்புதான் என்று வந்தது. ஆப்பிரிக்கப் புறப்பாடு அதைவிடப் பல மடங்கு பழையது, அதனால் அந்தக் கதையை இதில் இழுக்கவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். ஐரோப்பிய வேட்டைக்காரர்களிடம் இருந்த வைரஸை விவசாயிகள் கொண்டுவந்த வைரஸ் ஒழித்துக்கட்டி, சுமார் 4,000 ஆண்டுகள் கோலோச்சியது, பிறகு கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முடிவுவாக்கில் அதுவும் சரிந்தது. அதன் ஒரே மிச்சம் இன்று அபூர்வமாகக் கிடைக்கும் ஜி வகை.

பவானி.ஆர்:
ஈ வகை பற்றி ஒன்று. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியிடம் அது அநேகமாக இல்லை. அந்த வியாபாரம் நடந்த காலத்தில் இவ்வளவு பரவலாக இருந்திருந்தால் கப்பலோடு போயிருக்குமே! அதனால் அது மேற்கு ஆப்பிரிக்காவில் பிற்பாடுதான் வேகமாகப் பரவியது என்று பலரும் கணிக்கிறார்கள்.

அப்புறம், காலக் கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஜீனோம் வெறும் 3,200 மரபு எழுத்து (A, T, G, C), அதில் பாதிக்கு மேல் ஒரே எழுத்தே இரண்டு புரதங்களுக்குப் பொது. பிரதி எடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது, ஆனால் பிழையில் பெரும்பாலானது நிலைக்காது. ஒரு நோயாளிக்குள் வேகமாக மாறுவதுபோலத் தெரிவது, ஆயிரம் ஆண்டுக் கணக்கில் ஆமை வேகம். நேப்பிள்ஸில் சான் டொமெனிகோ மஜ்ஜோரே தேவாலயத்து மம்மி ஒன்று, 16-ஆம் நூற்றாண்டுக் குழந்தை. உடம்பில் இருந்த தடிப்பை வைத்துப் பெரியம்மை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2018-இல் பார்த்தால் எச்பிவி, அதுவும் இன்றைய டி வகைக்கு மிக நெருக்கமானது.

லேப்_செல்வம்:
வரலாறு இருக்கட்டும், வகை தெரிந்து நோயாளிக்கு என்ன பயன் என்று யாராவது கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். இன்டர்ஃபெரான் மருந்துக்கு ஏ வகை டி-யைவிட நன்றாகக் கட்டுப்படும். பி-யைவிட சி-யில் கல்லீரல் புற்று அபாயம் கூடுதல். தடுப்பூசி எல்லா வகைக்கும் வேலை செய்யும், அதில் குழப்பம் வேண்டாம்.

இந்தியாவில் டி-யும் ஏ-யும்தான் அதிகம், அதில் டி-யில் ஒரு வில்லங்கம். ஜீனோமின் 1896-ஆம் இடத்தில் G எழுத்து A ஆக மாறினால் ஈ-ஆன்டிஜென் (வைரஸ் இரத்தத்தில் விடும் ஒரு புரதம்) தயாரிப்பு நின்றுவிடும். ஏ வகையில் அதோடு ஜோடி சேரும் 1858-ஆம் இடத்தில் பெரும்பாலும் C எழுத்து இருப்பதால் ஜோடி குலையும், அந்த மாற்றம் எளிதில் வராது. டி வகையில் அங்கே T எழுத்து, அதனால் சர்வசாதாரணம். ரிப்போர்ட்டில் ஈ-ஆன்டிஜென் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் வைரஸ் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே பெருகிக்கொண்டே இருக்கலாம். டிஎன்ஏ அளவு பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

மதிமாறன்_88:
அருமை, நன்றி. அந்த ஜி வகை எப்படித் தப்பியது?

கொற்கைவாசி:
தனியாகப் பிழைப்பதே அதற்குக் கஷ்டம். ஈ-ஆன்டிஜெனுக்குத் தேவையான ப்ரீகோர் பகுதியில் இரண்டு இடத்தில் புரதத் தயாரிப்பை நிறுத்தும் குறி, அதனால் ஈ-ஆன்டிஜென் கிடையாது. வைரஸின் உள்ளுறைப் புரதத்துக்கான கோர் பகுதியில் மட்டும் 36 எழுத்து கூடுதல். பெரும்பாலும் வேறு வகையோடு, குறிப்பாக ஏ-யோடு சேர்ந்தே தொற்றியிருக்கும். எச்ஐவி பரவிய காலத்தில்தான் மறுபடி தலைதூக்கியிருக்கிறது என்பது அந்த 2021 ஆய்வாளர்களின் கருத்து.