ஒரு சுண்டெலி மட்டும் மூலையில குறுகி உட்கார்ந்திருக்கு: தூக்கமா, நோயா?

டர்பன்_புதுசு (கேள்வி, சனி காலை)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து நாலு மாசம் ஆகுது, எம்.எஸ்சி. படிக்கிறேன். ஆராய்ச்சி எலிங்களை வளர்க்கிற அனிமல் ஹவுஸ்ல இந்தச் சனி ஞாயிறு பாத்துக்கிற முறை என்னோடது.

ஒரு கேஜ்ல அஞ்சு பெண் சுண்டெலி, எல்லாம் சி57ங்கிற கறுப்பு லேப் இனம். நாலு கூட்டுக்குள்ள ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கு. ஒண்ணு மட்டும் எதிர்மூலையில முதுகைக் கூனிக்கிட்டு, மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி முடி சிலிர்த்து உட்கார்ந்திருக்கு. புதன்கிழமை 21.4 கிராம், இன்னிக்கு 19.1. சீனியர்கிட்ட சொன்னா, "பகல்ல எலி தூங்கத்தான் செய்யும், திங்கள்கிழமை பாத்துக்கலாம்"ங்கிறார். பேதி இல்ல, காயம் இல்ல. எனக்கு மனசு ஒப்பலை. தூக்கத்தையும் நோயையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

கெபேஹா_குமார்

திங்கள்கிழமை வரைக்கும் வச்சுக்காதீங்க. கதவுல ஆன்கால் வெட் (அவசரத்துக்குக் கூப்பிடுற கால்நடை டாக்டர்) நம்பர் ஒட்டியிருப்பாங்க, இப்பவே கூப்பிடுங்க. மூணு நாள்ல பத்து சதவீதத்துக்கு மேல இறங்கியிருக்கு. நீங்களா எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_அக்கா

தங்கச்சி, குமார் சொன்னபடி முதல்ல போன் போடு. வெட் வர்றதுக்குள்ள இதைப் படி. நான் இங்கேயே பிறந்தவ, தமிழ் எழுத்து கோயில் பள்ளிக்கூடத்துல படிச்சது, பிழை இருந்தா பொறுத்துக்கோ. எலி பாத்தது 31 வருசம்.

எங்க தாத்தா டோங்காட் கரும்புத் தோட்டத்துல மாடு பாத்தவர். மாடு அசைபோடலைன்னா உடனே எழுந்து போய்ப் பாப்பார், வேற எதையும் கேக்க மாட்டார். சுண்டெலிக்கு அந்த அசைபோடுறது கூடுதான். சுகமா இருக்குற எலி குடுத்த டிஷ்யூவைக் கிழிச்சுக் கூடு கட்டி, மத்ததோட ஒட்டிக்கிட்டுத் தூங்கும். உன் எலி கூட்டை விட்டு வந்து தனியா உக்காந்திருக்கு பாரு, எடையை விட எனக்கு அதுதான் பெரிய சேதி. தூங்குற எலி கேஜை லேசா நகர்த்தினா மூக்கைத் தூக்கும், மீசையை ஆட்டும். நோயாளி எலி நகராது, இல்லன்னா ரெண்டு அடி வச்சிட்டு மறுபடி கூனிக்கும்.

இன்னொண்ணு. நம்மளைக் கண்டா எலி நோயை மறைக்கும். அதைப் பிடிச்சுத் தின்ன ஊருல ஆயிரம் பேரு, அப்புறம் என்ன பண்ணும்? அதனால கேஜைத் திறக்காம ரெண்டு நிமிசம் சும்மா நின்னு பாரு. மூச்சு வயித்தால இழுக்குதா, கிளிக் கிளிக்னு சத்தம் வருதா, தலை ஒரு பக்கம் சாயுதா? அப்புறம் முகம். 2010ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழக ஆளுங்க எலி முகத்துல வலியைப் படிக்க ஒரு அளவு வச்சாங்க. கண்ணு இடுங்குறது, மூக்கும் கன்னமும் புடைக்கிறது, காது பின்னால போறது, மீசை மாறுறது, இந்த அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2ன்னு மார்க். பழகினா மார்க்கே வேண்டாம், பாத்த உடனே தெரியும்.

பிறகு எடு. வாலைப் பிடிச்சுத் தூக்காதே, குழாய்க்குள்ள வரவிட்டு இல்லன்னா ரெண்டு கையையும் குவிச்சு எடு. முதுகெலும்பைத் தடவு. விரலுக்கு எலும்பு முடிச்சு முடிச்சாத் தட்டுப்பட்டா மெலிஞ்சிருக்கு. பிடரித் தோலைக் கிள்ளி விடு, மெல்லத் திரும்பினா தண்ணி வத்தியிருக்கு. கறுப்பு எலிக்கு ரத்தசோகை முடியில தெரியாது, பாதத்தையும் காதையும் பாரு.

மொத்தக் கேஜும் கூனியிருந்தா கதை வேற, பாட்டிலைத்தான் முதல்ல பாக்கணும். ஒரு தடவை நான் பாட்டில்ல தண்ணி நிறைய இருக்கேன்னு நம்பிட்டேன். பாட்டில் மூக்குல காத்து அடைச்சிருந்துச்சு, ஒரு சொட்டு இறங்கலை. ரெண்டு எலி போச்சு. இன்னைக்கும் கை தானா பாட்டிலைத் தட்டும். லோட்ஷெடிங்னு கரண்டை நிறுத்துற ராத்திரியில ஃபேன் வச்ச கேஜுங்க காத்தில்லாமத் தவிக்கிறதும் இப்படித்தான் இருக்கும்.

உன் கேஜ்ல நாலு நல்லா இருக்கு, ஒண்ணுதான் இளைக்குது. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்: அதோட தாடைக்குக் கீழ ஈரமா இருக்கா?

பிரிட்டோரியா_ரவி

கண்ணைச் சுத்திச் சிவப்பா கசியுதான்னும் பாருங்க. எங்க லேப்ல அதுதான் முதல் அறிகுறின்னு சொல்லிக் கொடுத்தாங்க.

சாட்ஸ்வொர்த்_அக்கா

ரவி தம்பி, அது பெரிய எலிக்கு, அதாவது rat-க்கு. சிவப்பா வர்றது ரத்தம் இல்ல, கண்ணுக்குப் பின்னால உள்ள சுரப்பியோட சாயம். சுண்டெலியில அதை நம்பிக் காத்திருந்தா ஏமாந்து போவோம்.

டர்பன்_புதுசு (சனி மாலை)

அக்கா, இருக்கு! தாடைக்குக் கீழ முடி ஒட்டிப்போய் ஈரமா இருந்துச்சு. நான் பாட்டில் தண்ணின்னு நினைச்சிட்டேன், எச்சிலாம். ரெண்டரை மணிக்கு வெட் வந்தாங்க. உதட்டை விலக்கிக் காட்டினாங்க. மேல் பல்லு ரெண்டும் உள்ளே கொக்கி மாதிரி சுருண்டிருக்கு, கீழ்ப் பல்லு நேரா மேல ஏறி நிக்குது. பெல்லட்டை (கெட்டியான தீனி உருண்டை) கடிக்கவே முடியலையாம். பக்கத்துல நாலு எலி தின்னுக்கிட்டிருக்கு, இது மட்டும் பட்டினி. பல்லைச் சீராக்கிட்டு, பெல்லட்டைத் தண்ணியில ஊற வச்சுக் கேஜ் தரையிலேயே வைக்கச் சொன்னாங்க. வச்ச பத்தாவது நிமிசம் முன்னங்காலால பிடிச்சுத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு.

சீனியர்கிட்டச் சொன்னேன். "அப்படியா"ன்னு ஒரு வார்த்தை.

சாட்ஸ்வொர்த்_அக்கா

அந்த ஒரு வார்த்தையை விடு. தினம் காலையில ஒரே நேரத்துல எடை போட்டு எழுது. ஆராய்ச்சிக்கு அனுமதி குடுத்த உங்க அப்ரூவல் தாள்ல, எடை எவ்வளவு இறங்கினா நிறுத்தணும்னு எழுதியிருப்பாங்க. நிறைய இடத்துல 20 சதவீதம்னு இருக்கும், உங்களுது என்னன்னு கண்ணால பாரு. எலிக்கு முன்பல்லு சாகுற வரை வளரும், அதனால ரெண்டு மூணு வாரத்துல மறுபடி இதே தொல்லை வரும். அப்ப என்ன பண்றதுன்னு வெட்டும் உங்க சூப்பர்வைசரும் இப்பவே முடிவு பண்ணட்டும். எலி மறுபடி பட்டினி கிடந்து அப்புறம் யோசிக்க வேண்டாம்.

அந்த எலியோட அம்மா அப்பா இருக்குற கேஜ் நம்பரை எடுத்து இனப்பெருக்கம் பாக்குற ஆளுகிட்டக் கொடு. இந்தப் பல்லுக் கோளாறு வம்சத்துலயும் வரும். கூடப் பிறந்ததுங்க அதே கேஜ்ல இருந்தா நாலோட உதட்டையும் நாளைக்கே விலக்கிப் பாத்துடு.