"இன்னும் கடலூர்லதான் இருக்கியா"ன்னு கேட்டா என்ன சொல்றது?

திருப்பாப்புலியூர்க்காரன்:
டிப்ளமோ இ.இ.இ முடிச்சு 14 வருஷம் ஆச்சு. போன மாசம் பேட்ச் பசங்க பாண்டில கெட்-டுகெதர் வச்சாங்க, கனடாலேர்ந்து ஒருத்தன் லீவுக்கு வந்திருந்தான், அவன் வந்ததாலதான் வச்சதே. சாப்புடும்போது தோள்ல கை போட்டு "மச்சி, இன்னும் கடலூர்லதான் இருக்கியா"ன்னான். அவன் தப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா அந்த "இன்னும்" இருக்கு பாருங்க, பஸ்ஸு பெரிய கங்கணாங்குப்பம் தாண்டுறதுக்குள்ள நூறு தடவ காதுல கேட்டுடுச்சு.

சிப்காட்ல எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ், புடிச்சது போக கைக்கு 27 ஆயிரம். வீடு அப்பா கட்டுனது. பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. ஏ ஷிஃப்ட் வாரம்னா சாயங்காலம் அவள கூட்டிகிட்டு சில்வர் பீச், அவளுக்கு சுண்டல், எனக்கு மொளகாப்பொடி போட்ட மாங்கா. எனக்கு இது புடிச்சிருக்கு. ஆனா நெசமாவே புடிச்சிருக்கா, இல்ல எட்டாத திராட்சைய புளிக்குதுன்னு சொல்ற நரி நான்தானா? இத எப்படி கண்டுபுடிக்கிறது?

பாண்டி பெருசு:
தம்பி, பாரதியார் 1908ல பாண்டிக்கு வந்தவரு 1918 வரைக்கும் இங்கதான் இருந்தாரு. உங்க பேட்ச் ஆளுங்க அப்ப இருந்திருந்தா அவரையும் "இன்னும் பாண்டிலதானா சாமி"ன்னு கேட்டிருப்பாங்க. விடுங்க.

கணக்குப்புள்ள:
பெருசு, அத செல்லம்மா கிட்ட கேட்டுப் பாருங்க, வேற கதை சொல்லுவாங்க. வீட்ல அரிசி இருக்கான்னு பாக்கணும் மொதல்ல. ப்ரோ, மனசுக்கு புடிச்சதுதான் வெற்றின்னு இங்க நாலு பேர் வந்து சொல்லுவாங்க, கேட்டுக்கங்க, ஆனா மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கா? பொண்ணு பேர்ல மாசம் ஏதாச்சும் போடுறீங்களா? ஆறு மாசம் சம்பளம் வரலன்னா தாங்குமா? இதுக்கு பதில் இருந்தா யார் என்ன கேட்டாலும் சுருக்குன்னு ஏறாது. எனக்கு அப்படித்தான் கொறஞ்சுது, அனுபவத்துல சொல்றேன்.

பண்ருட்டி பொண்ணு:
எங்க அப்பா கதை சொல்றேன், இதுக்கு பதிலான்னு தெரியல. 2011 டிசம்பர் 30 விடியகாலைல தானே புயல் அடிச்சுதுல்ல, எங்க முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துடுச்சு, தாத்தா வச்ச பலா ரெண்டும் வேரோட. அப்பாவுக்கு அப்ப 61. அண்ணன் நெலத்த வித்துட்டு சென்னைக்கு வாங்கன்னு கெஞ்சுனான். அவரு விருத்தாசலம் ஒட்டுக்கன்னு கொண்டாந்து நட்டாரு, அது மூணாம் வருஷம் காய்ப்புக்கு வந்துடும் சரி, ஆனா பலாவ கொட்டையா ஊணுனாரு, அது ஏழெட்டு வருஷம் ஆவும். மொதப் பழம் வந்தப்ப வீட்டுக்கே திருவிழா. அவரு ஒரு சொளைய வாயில போட்டுட்டு "தாத்தா மரத்து ருசி இல்ல"ன்னு மூஞ்ச சுளிச்சாரு! அப்புறம் அடுத்த நாளே இன்னும் நாலு கொட்டை ஊணுனாரு. அண்ணன் இப்பவும் நஷ்டக் கணக்குதான் சொல்லுவான். அவன் சொல்றதும் தப்பில்ல.

ஷார்ஜா ரிட்டர்ன்:
நான் 11 வருஷம் வெளில இருந்தவன். காசு வந்துச்சு, மஞ்சக்குப்பத்துல வீடு கட்டியாச்சு, அதுல எனக்கு பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். என் பையனுக்கு எட்டு வயசு வரைக்கும் நான் போன்ல வர்ற ஆளு.

நரி மேட்டருக்கு வர்றேன். உங்களுக்கு ஒரு வேலை, அந்த கெட்-டுகெதர்ல யார பாத்து நெசமா வயிறு எரிஞ்சுதுன்னு யோசிங்க. பந்தா பண்ணவன சொல்லல, வீட்டுக்கு வந்து படுத்தப்பறம் யாரு ஞாபகத்துக்கு வந்தான், அவன். பொறாமை பொல்லாததுன்னு சொல்லுவாங்க, ஆனா அது பொய் சொல்லாது.

பாண்டி பெருசு:
ஷார்ஜா தம்பி சொன்னது நல்லாருக்கு. "இன்னும்" பத்தி ஒண்ணு, வடலூர்ல வள்ளலார் 1867ல மூட்டுன அடுப்பு இன்னும் எரிஞ்சுகிட்டுதான் இருக்கு. உங்க கடலூர் மாவட்டத்துல "இன்னும்"ங்கறது கெட்ட வார்த்தை இல்ல.

திருப்பாப்புலியூர்க்காரன்:
ரெண்டு நாள் யோசிச்சேன். கணக்குப்புள்ள அண்ணே, இன்சூரன்ஸ் இல்ல, அது என் தப்பு, நேத்து விசாரிச்சுட்டேன்.

வயிறு எரிஞ்சது கனடாக்காரன பாத்து இல்ல, எனக்கே ஆச்சரியம். ஐ.டி.ஐ.ல வாத்தியாரா இருக்கானே ஒருத்தன், சம்பளம் என்ன விட பெருசா ஒண்ணும் அதிகமில்ல. பஸ் ஸ்டாண்ட்ல அவன பாத்துட்டு ஒரு பையன் டீ கிளாஸ கீழ வச்சுட்டு ஓடி வந்து பேசுனான். அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது.

எங்க பிளான்ட்டுக்கு அப்ரன்டிஸ் பசங்க வருவாங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க, டூல்ஸ் தூக்க விடுவாங்க. போன வாரம் ஒரு மோட்டார் ஸ்டார்ல, அதாவது ஸ்டார்ட் பண்றதுக்கான கனெக்‌ஷன்லயே ஓடுது, முழு பவர் குடுக்குற டெல்டாவுக்கு மாறல. எனக்கு பாத்ததுமே அத மாத்தி விடுற டைமர்ல டவுட்டு, ஆனா வாயத் தொறக்கல, சப்ளைய ஆஃப் பண்ணிட்டு மல்டிமீட்டர கூட நின்ன அப்ரன்டிஸ் பையன் கையில குடுத்துட்டு ஒதுங்கி நின்னேன். சூப்பர்வைசர் பல்ல கடிக்கிறாரு. இருபது நிமிஷம் கழிச்சு டைமர் டெர்மினல்ல லூசா இருந்த ஒயர இழுத்துக் காட்டி "சார், இதானே?"ன்னான். மூஞ்சியெல்லாம் வேர்வை, சிரிப்பு வேற.

நாளைக்கு பி ஷிஃப்ட், புதுசா ரெண்டு பேர் வர்றாங்களாம். பழைய பேனல் ஒண்ணு ஸ்க்ராப்ல கெடக்கு, அத ப்ராக்டிஸுக்கு எடுத்துக்கலாமான்னு சூப்பர்வைசர் கிட்ட கேக்கணும், அவரு மூடு எப்படியோ.