மறு: ‘நெகட்டிவ் டெக்லரேஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘எதிர்மறை அறிவிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இதை ஏற்க மனம் வரவில்லை, ஐயா. கலிபோர்னியாவில் ஒரு நகராட்சி அடுக்ககத்துக்கோ வணிக வளாகத்துக்கோ அனுமதி தருமுன், சட்டத்தில் விலக்கு இல்லாவிட்டால், மாநிலத்தின் 1970ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி அதன் பாதிப்பை ஆராய வேண்டும். அரசு கட்டுவதற்கு மட்டுமல்லாமல், அரசின் அனுமதி கேட்டு வரும் தனியார் கட்டுமானத்துக்கும் சட்டம் பொருந்தும் என்று மாமத் வழக்கில் 1972இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆராய்ந்தபின் ‘பெரிய பாதிப்பு வராது’ என்று நகராட்சி கருதினால், அதைக் காரணத்தோடு சொல்லி வெளியிடும் ஆவணம்தான் நெகட்டிவ் டெக்லரேஷன்.

அங்கே குடியிருக்கும் தமிழர் ஒருவர் ‘எதிர்மறை அறிவிப்பு’ என்று படித்தால், திட்டத்தை நகராட்சி மறுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். நடப்பது நேர்மாறு. திட்டத்துக்குக் கதவு திறக்கும் தாள் அது. கருத்துச் சொல்லக் குறைந்தது 20 நாள், மாநில அலுவலகங்களின் பார்வைக்கும் போவதானால் 30 நாள். சொல்லை நம்பிச் சும்மா இருந்தவருக்கு அந்த நாட்கள் போனால் போனதுதான்.

பெரிய பாதிப்பு வருமா என்று நகராட்சி முதலில் செய்யும் தொடக்க ஆய்வுக்கான சரிபார்ப்புப் பட்டியலை ஒருமுறை பார்த்தால், எப்போது எந்த ஆவணம் என்பது தெளிவாகிவிடும். காற்று, இரைச்சல், நீர், உயிரினங்கள், போக்குவரத்து என்று தலைப்புவாரியாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: பெருந்தாக்கம் இருக்கக்கூடும்; தாக்கத்தைக் குறைக்கும் தணிப்பு நடவடிக்கை எடுத்தால் பெருந்தாக்கம் இராது; தாக்கம் உண்டு, பெரிதில்லை; தாக்கமே இல்லை. எல்லாக் குறிகளும் கடைசி இரண்டில் விழுந்தால் நெகட்டிவ் டெக்லரேஷன். இரண்டாவதிலும் விழுந்தால் மிட்டிகேட்டட் நெகட்டிவ் டெக்லரேஷன். முதல் கட்டத்தில் ஒரு குறி விழுந்தாலும் முழு அறிக்கை எழுதியாக வேண்டும்.

இதனால்தான் இன்னொரு நண்பர் சொன்ன ‘தாக்கமின்மை அறிவிப்பு’ம் போதாது. மூன்றாவது கட்டத்தில் தாக்கம் இருக்கத்தானே செய்கிறது? ‘தடையின்மைச் சான்று’ நம் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல். அந்த வார்ப்பில் பெருந்தாக்கமின்மை அறிவிப்பு என்று முன்மொழிகிறேன். தணிப்பு சேர்ந்ததைத் தணிப்புடன் பெருந்தாக்கமின்மை அறிவிப்பு எனலாம். நீளம்தான், ஆனால் ‘தணிப்புடன்’ என்பதை விடவே கூடாது. பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் கூடுகட்டும் காலம். அப்போது மரம் வெட்டுவதானால் உயிரியலாளர் முன்கூட்டியே வந்து கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். பிறகு அவற்றை நிறைவேற்றினார்களா என்று அக்கம்பக்கத்தார் கேட்கலாம்.

‘என்விரான்மென்டல் இம்பாக்ட் ரிப்போர்ட்’ எனப்படும் முழு அறிக்கைக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை என்பதே சரி. தமிழ்நாட்டில் ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ நிலைத்துவிட்டது, அதோடு ஒத்துப்போகிறது. மாற்று வழிகளையும், திட்டமே வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் இதில் எடைபோட்டே தீர வேண்டும். பெருந்தாக்கமின்மை அறிவிப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. மக்களுக்கு இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்பேன்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ‘திட்டம்’ என்ற சொல். பிளான், புரோகிராம், புராஜெக்ட், ஸ்கீம் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறோம். இந்தச் சட்டத்திலோ புராஜெக்ட் அறிக்கை வேறு, புரோகிராம் அறிக்கை வேறு. முன்னது ஒரு குறிப்பிட்ட கட்டுமானத்துக்கு. பின்னது நகரின் பொதுத் திட்டம் போல, பல பணிகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பது. அப்படி ஒன்று முன்பே எழுதப்பட்டிருந்தால், பின்னால் வரும் கட்டடம் அதன்மேல் சாய்ந்துகொண்டு சிறிய ஆவணத்தோடு முடித்துக்கொள்ள முடியும். ஆகவே பணித்திட்ட அறிக்கை, திட்டத்தொகுதி அறிக்கை என்று பிரித்துவிடுவோம். பொதுத் திட்டம் வகுக்கும்போதே போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்பது மக்களுக்குப் புரிய வேண்டுமானால், இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது.

அறிக்கை முடிந்தபின் திட்டமோ சூழ்நிலையோ மாறினால் வரும் மூன்று வகைகளில் சிக்கல் குறைவு. புதிய பெருந்தாக்கம் தெரியவந்து பெரிய அளவில் திருத்தி எழுதுவது பின்னறிக்கை. சிறு சேர்க்கைகளே போதும் என்றால் குறைநிரப்பு அறிக்கை. அற்பத் திருத்தங்களுக்குப் பிற்சேர்க்கை. இவற்றில் பிற்சேர்க்கையை மட்டும் மக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விட வேண்டியதில்லை. கலைச்சொல் பட்டியலில் இந்தக் குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.

‘கியூமுலேட்டிவ் இம்பாக்ட்’ மட்டும் பாக்கி. ‘ஒட்டுமொத்தத் தாக்கம்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஒரே திட்டத்தின் எல்லாத் தாக்கங்களையும் கூட்டியது என்று அது பொருள் தந்துவிடும். இங்கே பேச்சு, இந்த அடுக்ககம், பக்கத்தில் முன்பே வந்த கடைத்தொகுதி, இனி வரப்போகிற கிடங்கு எல்லாம் சேர்ந்து தெருவுக்கு என்ன செய்யும் என்பது. திரள் தாக்கம் எப்படி இருக்கிறது? சொல்லாக்கத்தில் பழகிய பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்