கல்யாண வீடியோவை விட்டுவிட்டுக் காட்டுயிர் படம் எடுக்கப் போகலாமா?

பொள்ளாச்சி விஸ்காம்:
வணக்கம். விஸ்காம் முடித்துவிட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 200-600 லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு முழுநேரமாகக் காட்டுயிர் ஆவணப்படத்துக்குப் போய்விட ஆசை. “புலியைப் படம் பிடித்தால் யார் சம்பளம் தருவார்கள்?” என்று அப்பா கேட்கிறார். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

டிரைபாட் தூக்கி:
தம்பி, லென்ஸ் வாங்குங்கள். கல்யாண வேலையை மட்டும் விடாதீர்கள். ஆவணப்படக் குழுக்களில் கேமரா உதவியாளனாக இருந்துவிட்டு இப்போது நானே படம் எடுக்கிறேன். ஆவணி, தை முகூர்த்தங்களில் இன்றும் மண்டபத்தில்தான் இருப்பேன், வீட்டு வாடகை அதில்தான் போகிறது. மற்றபடி தொண்டு நிறுவனங்களுக்குச் சின்னப் படங்கள். பெரிய சேனல்களுக்குப் படமெடுப்பவர்களை நம் ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காட்டுயிர்ப் படங்கள் எடுக்கும் சென்னை சேகர் தத்தாத்ரி வந்த வழியைப் பாருங்கள். 13 வயதில் சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். முதலில் பாம்பு, கேமரா எல்லாம் பிறகு. 80களில் பாம்புக்கடி பற்றிப் படமெடுக்க வந்த அமெரிக்கத் தம்பதியிடம் உதவியாளராக நின்று தொழில் பழகினார். அப்புறம் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம், கேரளத்தின் சைலன்ட் வேலி மழைக்காடு என்று தேசிய விருதுப் படங்கள், வெளிநாட்டுச் சேனல்கள். அந்த உச்சத்தில் சேனல்களை விட்டுவிட்டுப் பாதுகாப்புக்கான படங்களுக்கு வந்தார். கர்நாடகக் காட்டில் இருந்த குத்ரேமுக் இரும்புச் சுரங்கம் பற்றி 2001இல் எடுத்தது ரொம்பச் சின்னப் படம். சுரங்கத்தை எதிர்த்தவர்கள் கையில் அது ஆயுதமானது. 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2005 கடைசியில் சுரங்கம் நின்றது. அந்தச் சின்னப் படத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

நீங்களும் ஒரு உயிரினத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனைமலையில் மலை இருவாட்சி இருக்கிறதே! கூடு கட்டும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வரும். பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கக்கி, அலகு நுனியில் பிடித்துக் கீறலுக்குள் நீட்டும். ஆள் கிட்டே நின்றால் பழத்தோடு திரும்பிப் போய்விடும், உள்ளே இருப்பது பட்டினி. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை எந்தக் கோர்ஸிலும் கற்றுத் தரமாட்டார்கள்.

பிறகு, ஒரு நல்ல ரெக்கார்டர் வாங்குங்கள். லென்ஸ் கிட்டே இழுத்துக் காட்டும் மிருகத்தின் காலடி மைக்குக்கு எட்டாது. டிவியில் அப்படிக் கேட்பது பெரும்பாலும் ஸ்டுடியோவில் சேர்த்தது. காட்டுச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து வைப்பவனை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளும்.

உடுமலை ராமு:
பெர்மிட்டை யாரும் சொல்லவில்லையே? சரணாலயத்துக்குள் படப்பிடிப்பு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். டிரோனைத் தூக்கிக்கொண்டு புலிகள் காப்பகத்துக்குள் போய்விடாதீர்கள், கேஸாகிவிடும்.

பொள்ளாச்சி விஸ்காம்:
நன்றி அண்ணா. அனுமதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

டிரைபாட் தூக்கி:
எதற்கு? வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) ரோட்டோரத்துக்கே வருகின்றன. வண்டியில் அடிபடாமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். பாலத்தில் போகிறதா, தரையில் இறங்குகிறதா, டூரிஸ்ட் சிப்ஸ் போடும்போது என்ன செய்கிறது என்று பொதுச் சாலையில் நின்றே ஐந்து நிமிடப் படம் எடுக்கலாம். நீங்கள் மட்டும் தீனி போட்டுக் கூப்பிடாதீர்கள். எடுத்ததை வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மழைக்காலத்தில் போனால் அட்டை ஏறும், காலுறைக்கு மூக்குப்பொடி தடவிக்கொள்ளுங்கள்.