புதுப்பிப்பு: பேட்மிண்டன் ஆடும்போது சர்க்கரை இறங்குவது (டைப் 1 சர்க்கரை நோய்)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: இன்சுலின் போடுகிறேன், மாலையில் ஆடினால் பாதியிலேயே வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடுகிறது.

கைகொடுத்தது, ஆட்டத்துக்கு முந்தைய டிபனுக்கான இன்சுலினைக் குறைக்கும் யோசனை. டாக்டரிடம் கேட்டேன். ஆடும் நாட்களில் மட்டும் எனக்குக் கால் பங்கு குறைத்தார். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தொடையில் போடாமல் வயிற்றில் போடச் சொன்ன அண்ணனின் பேச்சும் சரிதான். ஓடும் காலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் ஏறிவிடும். கோர்ட்டில் இறங்குமுன் விரலைக் குத்திப் பார்க்கிறேன். 90-க்குக் கீழே என்றால் முதலில் ஒரு வாழைப்பழம்.

எதிர்பாராதது: கடும் போட்டி முடிந்ததும் சர்க்கரை ஏறியிருந்தது. அது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை, பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பதறி ஊசி போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நள்ளிரவில் மறுபடி இறங்குகிறது. தசைகள் செலவழித்த கிளைக்கோஜனை (தசையில் சேமித்து வைத்த சர்க்கரையை), ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து மணிக்கணக்கில் நிரப்பிக்கொள்கின்றன. எனவே படுக்குமுன் கட்டாயம் பாருங்கள். ஆடிய நாட்களில் ராத்திரி ஊசியின் அளவையும் டாக்டர் குறைத்திருக்கிறார்.