மணலைக் குஞ்சின்ர குடலுக்க நீல நூல்: நெத்தலி சாப்பிடலாமோ?

வாடிக்காரி, முல்லைத்தீவு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில கருவாடு போடுறம். கரைவலை மடியில வாற பொடிமீன், மாரியில வட்டுவாகல் பக்கம் வீச்சுவலையில படுற மணலைக் குஞ்சு எல்லாம் என்ர கையாலதான் கழுவுப்பட்டு உப்புக்குப் போகும். மகன் பத்தாம் ஆண்டு. போன கிழமை ஒரு விரல் நீள மணலையை பிளேட்டால கீறி, பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தவன். குடலுக்க கறுத்தச் சேறு, அதுக்க ஒரு நீல நூல் சுருண்டு கிடந்தது. தலைமயிரை விட மெல்லிசு. நானும் பாத்தனான். அதோட அவன் நெத்தலிப் பொரியலைக் கண்டாலே கோப்பையைத் தள்ளி வைக்கிறான். அது உண்மையா பிளாஸ்டிக்தானோ? இவ்வளவு சின்ன மீன் ஏன் அதை விழுங்குது? வவுனியாவில இருந்து எங்களிட்டக் கருவாடு எடுக்கிற அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொக்கிளாய்க்காத்து:
வேற என்ன, 2021இல கொழும்புக்கு அங்கால எரிஞ்ச எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்தான். பிளாஸ்டிக் குருணி மட்டும் ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேல கடலில போனது. இன்னொண்டு, சுவீடனில ஆராய்ச்சி செய்து பாத்திருக்கினம். மீன்குஞ்சுக்கு பிளாஸ்டிக்கையும் இரையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் பிளாஸ்டிக்கைத்தான் தின்னுமாம். பொடியன் செய்தது சரி. நானெண்டாலும் தொடமாட்டன்.

உப்புக்கழி:
அக்கா, நான் யாழ்ப்பாணத்தில மீன்பிடியியல் படிச்சிட்டு இப்ப புதுக்குடியிருப்புப் பக்கம் உயிரியல் படிப்பிக்கிறன். கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல தம்பி சொன்ன ரெண்டு கதையும். அந்த சுவீடன் ஆய்வு 2016இல 'சயன்ஸ்' இதழில வந்தது, உலகம் முழுக்கப் பேப்பரில போட்டவை. அடுத்த வருசமே இதழ் அதைத் திருப்பி எடுத்திட்டுது. உப்சாலா பல்கலைக்கழகம் விசாரிச்சு ஆய்வு மோசடி எண்டு தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அந்தக் கதை பேஸ்புக்கில இன்னும் சாகேல்லை. பேர்ள் கப்பல் பெரிய அநியாயம்தான், நீர்கொழும்புச் சனத்தைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தக் குருணி கிட்டத்தட்ட மிளகளவு. முட்டை பொரிச்சு வந்து கொஞ்ச நாளான மீன்குஞ்சின்ர வாய் ஒரு மில்லிமீற்றரும் வராது. குஞ்சின்ர கதையில அந்த வாய்க்குள்ள என்ன பருமன் போகும் எண்டதுதான் முதல் கேள்வி. 5 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சதெல்லாத்தையும் நுண்பிளாஸ்டிக் எண்டுறம், குஞ்சுகளுக்க போறது அதிலயும் கடைசிப் பொடி, முக்கியமா நூல். இங்கிலாந்துக் கால்வாயில 2017இல வந்த ஆய்வில 347 குஞ்சுகளை வெட்டிப் பாத்தவை. நூற்றுக்கு 2.9இலதான் ஏதும் கிடந்தது. அதிலயும் மூண்டில ரெண்டு பங்கு நீல நூல்! உங்கட மகன் கண்டதும் அந்தச் சாதிதான்.

ஏன் விழுங்குது? குஞ்சுக்குக் கண்தான் எல்லாம். தன்ர வாய்க்கு அளவா முன்னால மிதக்கிறதைக் கொத்தும். ஈஸ்டர் தீவுப் பக்கம் ஒரு சின்ன மீன்சாதியில 20 பிடிச்சுப் பாத்ததில 16இன்ர வயித்துக்க பிளாஸ்டிக் இருந்தது, அனேகம் நீலத் துண்டு. அந்த மீன் வழமையாத் தின்னுற, கடலில மிதக்கிற குட்டி உயிரும் நீலம். இதை விட முக்கியம் இடம். சோளகம் ஓய்ஞ்ச காலையில கடல்மேல எண்ணெய் பூசின மாதிரி ஒரு கோடு மினுங்குமே, நுரையும் சருகும் சாதாழையும் திரண்டு நிக்கிற கோடு. நீரோட்டம் ரெண்டு பக்கத்தாலயும் வந்து முட்டுற இடம் அது. இரை அங்க சேரும், குஞ்சும் அங்க சேரும், மிதக்கிற குப்பையும் அங்கதான். ஹவாயில அளந்து 2019இல வந்த ஆய்வு: கோட்டுக்குள்ள பிளாஸ்டிக் வெளியால இருக்கிறதை விட 126 மடங்கு, தண்ணியில ஒரு குஞ்சுக்கு ஏழு துண்டு எண்ட கணக்கில மிதந்தது. கோட்டுக்குள்ள பிடிச்சு வெட்டின குஞ்சில 8.6 வீதத்தின்ர வயித்துக்க இருந்தது. அதாவது அந்த ஏழு துண்டுக்கு நடுவில வளந்தும் பத்தில ஒன்பது குஞ்சுக்கு மேல வயித்துக்க பிளாஸ்டிக் இல்லை. இதையும் சேத்துத்தான் பயப்பிட வேணும்.

மணலை வேற மாதிரி. சின்னனில மேல்தண்ணியில மேயும், விரல் நீளம் வரேக்க அடிக்கு இறங்கிச் சேறு வழிக்கத் தொடங்கும். நந்திக்கடல் களப்புக்க என்ன அடைஞ்சாலும் அதின்ர வயித்துக்க ஒருக்காப் போய் வரும். வெட்டினவன் மணலையை எடுத்தபடியால்தான் கண்டவன், அதே இடத்துப் பாரைக்குஞ்சு எண்டால் காணாமலும் விட்டிருப்பான்.

சாப்பாட்டுக்கு வாறன். இந்த நூல் பெரும்பாலும் குடலோட நிக்கும், சதைக்குப் போறது அரிது. நெத்தலியின்ர தலையைக் கிள்ளி மெல்ல இழுத்தால் குடலும் சேந்து வருமே, அம்மாமார் பிளாஸ்டிக் வர முதலே செய்த வேலை. அதைச் செய்யுங்கோ, காணும். பொடி மீனைக் குடலோட காய வைக்கிறதை மட்டும் விடுங்கோ. மீன்குஞ்சுக்குத்தான் இது கூடின கரைச்சல். வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்தால் இரை தேடாது, அந்த வயசில ஒரு நாள் பட்டினியும் பெரிசு. ஆனால் ஆய்வுகூடத் தொட்டியில கடலில இல்லாத அளவு பிளாஸ்டிக்கைக் கொட்டிப் பாத்த முடிவுகள்தான் கனக்க, அதை அப்பிடியே எங்கட கடலுக்குப் போடேலாது.

வாடிக்காரி:
தங்கச்சி, நல்ல விளக்கம். ஆனால் அந்த நூல் பிளாஸ்டிக்தான் எண்டு எப்பிடி நிச்சயப்படுத்துறது? நான் அண்டைக்கு நீலச் சட்டைதான் போட்டிருந்தனான்.

உப்புக்கழி:
அக்கா, இதுதான் உண்மையான கேள்வி! ஆய்வுகூடத்திலயும் முதல் தலையிடி இதுதான். அவை பருத்திச் சட்டை போட்டு, பொட்டாசியம் ஐதரொட்சைட்டில தசையைக் கரைச்சு, வடிகட்டித்தான் பாப்பினம். வீட்டில உந்த இரசாயனம் வேண்டாம், கை வெந்துபோகும். இப்பிடிச் செய்யுங்கோ. மீனை வெட்ட முதல் வெளிப்பக்கத்தை வடிவாக் கழுவுங்கோ. ஈரமான வெள்ளைக் கோப்பை ஒண்டைப் பக்கத்தில திறந்து வையுங்கோ. வெட்டி முடிஞ்சதும் அந்தக் கோப்பையையும் பூதக்கண்ணாடியால பாருங்கோ. அதிலயும் நீல நூல் விழுந்திருந்தால் மீனில குற்றம் சொல்லேலாது. விழேல்லை எண்டால், தையல் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி நூலுக்குக் கிட்டக் கொண்டு போகட்டும். பிளாஸ்டிக் எண்டால் சுருங்கி உருகும், பருத்தி கருகும். ஊசியைக் குறட்டால பிடிக்கச் சொல்லுங்கோ.

அளம்பில் மண்டாடி:
பிள்ளை, நான் ஐம்பது வருசம் கடலில நிண்டவன். முந்தி எங்கட கரைவலைக் கயிறு கொச்சம், தென்னந்தும்பில திரிச்சது, உக்கிப்போகும். இப்ப நீலமும் பச்சையும், ட்ரக்டரில வின்ஞ் பூட்டி இழுக்கினம். கயிறு மணலில அரைபட்டு வரேக்க கையில எடுத்துப் பார், பூனைமயிர் மாதிரிப் பிசிர். அதெல்லாம் எங்க போகுது எண்டு நீ சொல்லேல்லையே?

உப்புக்கழி:
ஐயா, நான் எழுதாமல் விட்ட இடத்தில சரியாப் பிடிச்சிட்டியள். இங்கிலாந்தின்ர பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2022இல வந்த ஆய்வில இதைத்தான் அளந்தவை. புதுக் கயிறு ஒரு மீற்றர் இழுபட ஏறக்குறைய 20 துண்டு கழரும், பத்து வருசப் பழசு எண்டால் 760. 500 மீற்றர் பழங்கயிறு ஒருக்கா இழுபட்டால் 3 இலட்சத்து 80 ஆயிரம். எங்கட மணலுக்கும் வின்ஞ்சுக்கும் கணக்கு அப்பிடியே பொருந்தாது, ஆனால் அரைபடுறது கண்ணுக்குத் தெரியுது. கயிறு அனேகமாப் பொலிபுரொப்பிலீன், தண்ணியில மிதக்கும், அதின்ர பொடி நான் சொன்ன மினுங்குற கோட்டுக்குப் போகும். தங்கூசி நைலோன், அது தாழும், மணலை வழிக்கிற சேத்துக்கு. எங்க பாத்தாலும் ஏதோ ஒரு குஞ்சின்ர வாய்.

அக்கா, வவுனியா அக்காவுக்குக் குடல் எடுத்துக் காயவைச்சது எண்டு சொல்லுங்கோ, அது உண்மையா இருக்கும் வரைக்கும் விலையையும் கொஞ்சம் கூட்டலாம். மகனிட்ட ஒரு வேலை குடுங்கோ: வாடியில கிடக்கிற கயிற்றில ஒரு நுனி வெட்டி, மீனுக்க எடுத்த நூலோட பக்கத்தில வைச்சு நிறத்தையும் பருமனையும் பாக்கட்டும், ரெண்டுக்கும் அதே ஊசியை வைக்கட்டும். படம் எடுத்து இங்க போடச் சொல்லுங்கோ.

அளம்பில் மண்டாடி:
கயிறு வேணுமெண்டால் என்ர வாடிக்கு வரட்டும். பழசு, புதுசு, அறுந்தது எல்லாம் கிடக்கு. அறுந்த துண்டுகளைக் கரையில புதைக்கிறதை எங்கட ஆக்கள் இன்னும் விடேல்லை, அதையும் படம் எடுக்கட்டும்.